இசைக் கல்லூரிக்கு வந்தாயிற்று, சிகரெட்டை என்ன செய்வது?

இசை படிக்க வருகிற பிள்ளைகளில் பலர் வீட்டில் இருந்தவரை சிகரெட்டைத் தொட்டிருக்க மாட்டார்கள். சேர்க்கையில் ஒரு கீர்த்தனை பாடிக் காட்டி, விடுதியில் இடம் பிடித்து, முதல் மாதம் வரைக்கும் எல்லாம் சரிதான். இரண்டாம் மாதத்தில் மதிய வகுப்புக்கும் மாலைச் சாதகத்துக்கும் (பாட்டுப் பயிற்சி) நடுவில் ஒரு நாற்பது நிமிடம் வரும். சீனியர் அண்ணன் ஒருவர் "வாடா, டீ குடிச்சிட்டு வரலாம்" என்பார். கடை ஓரத்தில் நுனி கனன்றபடி கயிறு தொங்கும். நேற்றுக் கேட்ட தோடி ராகத்தைப் பற்றிப் பேச்சு நடக்கும். அந்தப் பேச்சில் நாமும் இருக்க வேண்டும் என்றுதான் போகிறோம். சிகரெட் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

நான் தொடங்கியது அப்படித்தான். வாய்ப்பாட்டு மாணவனாக ஆறு வருடம் புகைத்தேன். விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. இப்போது பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது இதைப் பற்றிக் கேட்க வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். சிகரெட்டை நிறுத்த மன உறுதி வேண்டும் என்பார்கள். எனக்கு உதவியது வேறு. தினமும் ஒரே வரிசையை நூறு தடவை பாடிப் பழகியவனுக்கு ஒரு பழக்கம் எப்படி உடம்பில் ஏறுகிறது என்பது தெரியும். ஏற்றத் தெரிந்தவனால் இறக்கவும் முடியும்.

முதல் வாரம் எண்ணுங்கள், எதையும் விட வேண்டாம்

சுரதாளக் குறிப்பு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிகரெட்டுக்கும் ஒரு வரி: எத்தனை மணி, யாரோடு, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். அவ்வளவுதான். ஏழு நாள் எழுதுங்கள். குறைக்க முயல வேண்டாம், பொய்யும் எழுத வேண்டாம்.

நான் எழுதியபோது ஒரு நாளைக்கு ஒன்பது என்று கணக்கு வந்தது. அதில் காலையில் எழுந்ததும் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, இந்த இரண்டுதான் உடம்பு கேட்டது. மற்ற ஏழும் ஆட்களும் நேரமும் கேட்டவை. வகுப்பு முடிந்தது, டீ வந்தது, பஸ் வரவில்லை, கச்சேரியில் தனி ஆவர்த்தனம் (மிருதங்கத் தனி வாசிப்பு) முடிந்து வெளியே வந்தோம், இப்படி. அந்தப் பட்டியலைப் பார்த்த அன்றுதான் என் எதிரி யார் என்று எனக்குப் புரிந்தது. உங்கள் பட்டியல் வேறு மாதிரி இருக்கலாம். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் என்றால் உடம்பு நிகோட்டினுக்கு நன்றாகப் பழகிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவர்கள் கீழே நான் சொல்லும் மருத்துவ உதவியைத் தள்ளிப்போட வேண்டாம்.

தொண்டைக்குள் என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் விட முயல்வது, ராகத்தின் ஆரோகணம் தெரியாமல் ஆலாபனைக்கு உட்காருவது போல.

ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடும் ஆண், மத்திய ஷட்ஜமத்தில் (நடு 'ஸ') நிற்கும்போது அவனுடைய குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 138 முறை சேர்ந்து பிரிகின்றன. மேல் ஷட்ஜமத்தில் 277. ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்ணுக்கு மத்திய ஷட்ஜமமே 207-ஐத் தாண்டும். இத்தனையும் செய்வது சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு ஜோடி மடிப்பு. பெண்களுக்கு இன்னும் குட்டை. அதன் மேல்தோலுக்குக் கீழே கூழ் போன்ற மென்மையான அடுக்கு ஒன்று இருக்கிறது. தோல் அலை அலையாக நகர்வது அந்த அடுக்கால்தான். சூடான, வறண்ட புகை தினமும் அதன்மேல் படும்போது மேல்தோல் தடிக்கிறது, அடியில் நீர் கோத்துக்கொள்கிறது. பல வருடம் புகைத்தவர்களுக்கு இது ரெய்ன்கே வீக்கம் என்ற நிலைவரை போகிறது. கனமான நாண் மெதுவாகத்தான் அதிரும். சுருதி கீழே இறங்கும்.

"தம் அடிச்சா மந்தர ஸ்தாயி நல்லா பேசுது" என்று, கீழ்ச் சுரங்களைப் பற்றி ஒரு பேச்சு மாணவர்களிடையே உண்டு. நானும் நம்பினேன். காலையில் குரல் கனமாக, கீழ் பஞ்சமம் சுலபமாக வருவது போல இருக்கும். அது வீக்கம். கீழே கிடைத்ததாகத் தோன்றுவதை மேலே இழக்கிறீர்கள். மேல் காந்தாரத்தில் காற்று மட்டும் போகும், துரித காலத்தில் பிருகாக்கள் (வேகமான சுரக் கோவைகள்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் வருடச் செய்முறைத் தேர்வில் வர்ணத்தின் சரணத்தில் மேல் ஷட்ஜமத்தைப் பிடிக்கப் போனேன், ஒலியே எழவில்லை. வாய் திறந்திருந்தது, தம்பூரா ஒலித்தது, என் குரல் மட்டும் இல்லை. அந்த இரண்டு நொடி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் நுண்ணிய மயிர்கள் சளியையும் தூசியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். புகை அவற்றை முடக்கிவிடுவதால் சளி தங்குகிறது. அதனால்தான் பாட உட்காரும் முன் ஐந்து முறை கனைக்கிறோம், ஒவ்வொரு கனைப்பும் வீங்கிய நாண்களை மோதவைக்கிறது. இரண்டாவது, நிகோட்டின் இரைப்பையின் மேல் வாயைத் தளர்த்துகிறது. இரவு பத்தரைக்குக் கச்சேரி முடிந்து பரோட்டா தின்றுவிட்டுப் படுத்தால் அமிலம் தொண்டைவரை ஏறும். காலை அகாரச் சாதகம் ('ஆ' என்று நீட்டிப் பாடும் பயிற்சி) கரகரப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாத்தியக்காரர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நாதஸ்வரமும் புல்லாங்குழலும் வாசிப்பவர்களுக்கு அது என்ன என்று விளக்கவே வேண்டாம். ஒரே மூச்சில் வாசிக்க வேண்டிய பிடி பாதியில் உடைகிறது. நிகோட்டின் விரல்நுனி ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, விரல் குளிர்கிறது. மிருதங்கத்திலும் வீணையிலும் வயலினிலும் விரல்நுனிதான் எல்லாம். பீடியும் சிகரெட்டும் பிடிக்கும் இளைஞர்களுக்கே வருகிற பர்கர் நோய் என்று ஒன்று இருக்கிறது, கைகால் விரல்களுக்கு ரத்தம் போவதை நிறுத்தி விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். அடிக்கடி வருவதில்லை, ஆனால் நம் ஊர்களில் இல்லாததும் இல்லை.

புகைத்துக்கொண்டே நன்றாகப் பாடியவர்கள் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. இருபது வயதில் குரல் நிறையத் தாங்கும். ஆனால் நாம் பாட வந்தது அறுபது வயதுவரை.

அளந்து வையுங்கள்

விடுவதற்கு முன் ஒரு காலை வேளையில் உங்கள் சுருதியில் தம்பூராவைப் போட்டு, மத்திய ஷட்ஜமத்தில் ஒரே மூச்சில் கார்வை கொடுங்கள் (சுரத்தை நீட்டி நில்லுங்கள்). போன் கடிகாரத்தில் நொடியைப் பாருங்கள். மூன்று தடவை செய்து அதில் நீளமானதை எழுதுங்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 15 முதல் 25 நொடி சாதாரணம், பயிற்சி உள்ளவர்களுக்கு அதற்கு மேலும் போகும். அப்புறம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வர்ணத்தை மூன்று காலத்தில் (மூன்று வேகத்தில்) பாடிப் பதிவு செய்து தேதியோடு வைத்துவிடுங்கள். ஊதுபவர்கள் ஒரே சுரத்தில் ஊதி அளக்கலாம். வெள்ளிக்கிழமை தோறும் அதே நேரத்தில் அளந்து எழுதுங்கள். எனக்கு முதல் அளவு 13 நொடி. அதை எழுதவே கை வரவில்லை.

நாள் குறிப்பது

மார்கழியில் தொடங்காதீர்கள். தேர்வுக்கு முந்தின வாரமும் வேண்டாம். காரணம் சோம்பல் இல்லை: விட்ட பிறகு முடங்கிக்கிடந்த அந்த நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்கும், தங்கியிருந்த சளி மேலே வரும். சில வாரம் இருமல் கூடும். இது தெரியாமல் "விட்டதும் குரல் மோசமாயிடுச்சு" என்று திரும்பிப் போனவர்கள் நிறையப் பேர். பருவம் தொடங்கும் ஜூன், ஜூலையிலோ, அரையாண்டு முடிந்து ஊருக்குப் போகும் பத்து நாளிலோ வைத்துக்கொண்டால் இருமல் யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்விடும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா, ஒரே நாளில் நிறுத்துவதா? இரண்டு வழியிலும் விட்டவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரே நாளில் நிறுத்தச் சொல்வேன். கடைகளில் ஒத்தை சிகரெட் கிடைக்கும் ஊரில் "இன்னிக்கு மூணுதான்" என்கிற கணக்கு நிற்காது.

முந்தின நாள் தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் அறையிலிருந்து வெளியேற்றுங்கள். சட்டை, ஜோல்னாப் பை, போர்வை துவைத்துவிடுங்கள். வாசனை பொல்லாதது, தூங்கும்போது கூப்பிடும். ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். குருவிடம் சொல்ல வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கட்டாயமில்லை. சில குருமார்கள் அன்போடு எடுத்துக்கொள்வார்கள், சிலரிடம் அந்தப் பேச்சே வகுப்பைக் கெடுக்கும். உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மிருதங்கம் வாசிக்கிற நண்பனோ அறைத்தோழனோ போதும். பெண் மாணவிகளுக்கு இங்கே கூடுதல் சிரமம்: வெளியே தெரிந்தால் பெயர் கெடும் என்று ஒளித்துப் பிடிப்பதால் ஒளித்தே விட வேண்டியதாகிறது. தோழி ஒருத்தியிடமாவது சொல்லிவிடுங்கள் அம்மா. அந்தக் குரல்நாண் வீக்கம் மருத்துவரிடம் வரும்போது பெரும்பாலும் பெண்களிடமே தெரியவருகிறது, சுருதி இறங்குவது அவர்களுக்குத்தான் சட்டென்று உறைக்கும்.

முதல் மூன்று நாள்

நிகோட்டின் ரத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால் முதல் நாளே தவிப்பு தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு வாரத்தில் அடங்கும். எரிச்சல், தூக்கக் குறைவு, பசி, கவனம் சிதறுதல் எல்லாம் வரும். தாளம் போடும்போது எண்ணிக்கை தப்பினால் பயப்பட வேண்டாம்.

ஒவ்வொரு தவிப்பும் தனித்தனி அலை. பெரும்பாலும் சில நிமிடத்தில் தானாக இறங்கிவிடும். அந்த நிமிடங்களுக்கு வாய்க்கும் கைக்கும் வேலை கொடுத்தால் போதும். என் வழி: ஜூஸ் கடையில் தருகிற ஸ்ட்ரா ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதை உதட்டில் கவ்விக்கொண்டு, அதன் வழியாக மெல்லிய குரலில் 'ஊ' என்று ஷட்ஜமம், பஞ்சமம் பிடிப்பேன். குரல் சிகிச்சையில் உண்மையாகவே கொடுக்கிற பயிற்சி இது. நாண்கள் முட்டிக்கொள்ளாமல் மென்மையாக அதிரும். கையில் பிடிக்க ஒன்று, உதட்டில் வைக்க ஒன்று, மூச்சு நீளமாக விட ஒரு சாக்கு. சிகரெட் கொடுத்ததும் இந்த மூன்றைத்தானே. ஸ்ட்ரா இல்லாத இடத்தில் திருபுட தாள அலங்காரத்தை (சுர வரிசைப் பயிற்சி) மனதுக்குள் மூன்று காலத்தில் ஓட்டுங்கள். முடிப்பதற்குள் அலை இறங்கியிருக்கும்.

காபியைப் பாதியாக்குங்கள். இது பலருக்குத் தெரியாத விஷயம். புகைக்கிறவரின் உடம்பு காபியை வேகமாகக் கரைத்துவிடும்; விட்டதும் அந்த வேகம் குறைந்து, அதே இரண்டு டம்ளர் காபி ரத்தத்தில் இரண்டு மடங்காக நிற்கும். படபடப்பும் தூக்கமின்மையும் சிகரெட்டை விட்டதால் என்று நினைப்போம், பாதி காபியால் வருகிறது. தண்ணீர் நிறையக் குடியுங்கள். இந்த மூன்று நாள் மேல் ஸ்தாயியை வற்புறுத்த வேண்டாம், மத்திய ஸ்தாயியில் மெதுவான கார்வைகள் போதும்.

அந்த டீக்கடை

இரண்டு வாரம் போகாதீர்கள். நட்பை விடச் சொல்லவில்லை. அதே நாற்பது நிமிடத்தில் நூலகத்தில் பழைய பதிவு ஒன்று கேட்கலாம், கேன்டீனில் டீ குடிக்கலாம், அந்த அண்ணனையே அங்கே கூப்பிடலாம். இரண்டு வாரத்துக்குப் பின் போகும்போது வசனம் தயாராக இருக்கட்டும்.

"மச்சான், ஒரு தம்?"

"நீ போடுடா, எனக்கு டீ மட்டும்."

அவ்வளவுதான் சொல்ல வேண்டும். "விட்டுட்டேன், குரலுக்காக" என்று விளக்கம் கொடுத்தால் வாதம் ஆரம்பிக்கும். யார் வீட்டு மாமா எண்பது வயதுவரை பீடி குடித்தார் என்று கதை வரும். விளக்க வேண்டாம். காற்று உங்கள் பக்கம் வீசினால் தள்ளி நில்லுங்கள், அடுத்தவர் விடும் புகையும் தொண்டைக்குப் புகைதான். 2003-ம் ஆண்டின் புகையிலைச் சட்டப்படி கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் சிகரெட் விற்கவே கூடாது. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய்வரை அபராதம். உங்கள் கல்லூரி வாசலிலேயே கடை இருந்தால் மாணவர்கள் சேர்ந்து நிர்வாகத்திடம் எழுதிக் கொடுக்கலாம். நான் அதைச் செய்யச் சொல்வேன். முதல் வருடப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி அது.

கச்சேரி நாள்

மேடைக்குப் போகும் முன் ஒரு தம் போட்டால் நடுக்கம் அடங்குகிறது என்பது எல்லோருடைய அனுபவமும். அடங்குவது நிகோட்டின் குறைந்ததால் வந்த தவிப்பு. மேடைப் பயம் அப்படியே இருக்கும், நிகோட்டின் இதயத் துடிப்பைக் கூட்டவே செய்யும். விட்ட பிறகு வரும் முதல் கச்சேரியில் பயம் கொஞ்சம் அதிகமாகத்தான் தெரியும். அன்று ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். நான்கு எண்ணிக்கையில் மூச்சை இழுத்து எட்டில் விடுங்கள், ஸ்ட்ராவில் ஐந்து நிமிடம், வெந்நீர். முதல் உருப்படியைப் பழகிய ஒன்றாக வையுங்கள். இரண்டாவது கச்சேரி எளிதாகும்.

மாற்று என்று சொல்லி வருபவை

இ-சிகரெட்டின் தயாரிப்பு, விற்பனை, இருப்பு எல்லாம் 2019 முதல் நம் நாட்டில் தடை. கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். அதில் இருப்பதும் நிகோட்டின்தான். பீடி இலைதானே என்பதும் தவறு, அது அணையாமல் இருக்க இன்னும் ஆழமாக இழுக்க வேண்டும். சங்கீத உலகில் வெற்றிலைக்குத் தனி மரியாதை உண்டு. அதோடு புகையிலை சேர்ப்பது சிகரெட்டை வாய்க்குள் மாற்றி வைப்பதுதான். பாக்கு மட்டுமே கூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாகியிருக்கிறது. தொண்டைக்கு அதிமதுரமும் பனங்கற்கண்டும் இதமாக இருக்கும், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதிமதுரத்தை நாள் முழுக்க வாயில் அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும்.

நிகோட்டின் சூயிங்கம் உண்மையான மருந்து. 2 மில்லிகிராம் மருந்துக் கடையில் கிடைக்கும். மிட்டாய் போல மெல்லக் கூடாது: மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரம் வரும். அதற்குக் கால் மணி முன்னால் காபி குடித்தால் சரியாக வேலை செய்யாது. பாடப் போகும் நேரத்தில் வேண்டாம், தொண்டை எரியும். எத்தனை, எவ்வளவு நாள் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரைகளும் இருக்கின்றன, அவை அவர் எழுதிக் கொடுத்துத்தான்.

யாரிடம் கேட்பது

1800-11-2356. சிகரெட் அட்டையிலேயே அச்சிட்டிருக்கும் இலவச எண். தமிழிலும் பேசுவார்கள், நாள் குறிக்க உதவி, பிறகு அவர்களே திரும்ப அழைத்து விசாரிப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் புகையிலையை நிறுத்த உதவும் பிரிவு எங்கே என்று விசாரியுங்கள். சென்னையில் அடையாறு புற்றுநோய் மையத்தில் 2002-லேயே இப்படி ஒன்று தொடங்கப்பட்டது.

குரல் கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், புகைப்பவரோ விட்டவரோ, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். சளி, இருமல் இல்லாமலே குரல் மாறினால் இன்னும் சீக்கிரம். நாண்களை நேரில் பார்க்கக் கருவி இருக்கிறது, சில நிமிட வேலை. பாட்டுக்காரர் என்று மறக்காமல் சொல்லுங்கள். குரல்நாணைக் கண்ணாடியில் பார்க்கும் வித்தையை உலகுக்குக் காட்டியவரே பாட்டு வாத்தியார்தான்: 1854-ல் மனுவேல் கார்சியா, பல் மருத்துவரின் சிறிய கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துத் தன் தொண்டைக்குள் தானே பார்த்தார். எனக்கு அந்தச் செய்தியில் பெரிய சந்தோஷம்.

நடுவில் ஒன்று பிடித்துவிட்டால்

பிடித்துவிடுவீர்கள். எனக்கு பத்தொன்பதாம் நாள் ஒரு கல்யாண வீட்டில் நடந்தது. அதை நோட்டில் எழுதினேன், யாரோடு, எதற்குப் பின் என்று, முதல் வாரம் எழுதியது போலவே. அடுத்ததைப் பிடிக்கவில்லை. அலங்காரத்தில் ஒரு சுரம் தப்பினால் எழுந்து போய்விடுவோமா? அதே ஆவர்த்தனத்தில் சேர்ந்துகொள்வோம். திரும்பத் திரும்பத் தப்பினால் மட்டும் அந்த இடத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள்; பெரும்பாலும் ஒரே ஆள், ஒரே இடமாக இருக்கும்.

மூன்று மாதம் முடிந்த வெள்ளிக்கிழமை, அதே சுருதியில், அதே வர்ணத்தை மறுபடி பதிவு செய்யுங்கள். பழைய பதிவை முதலில் கேளுங்கள், பிறகு புதியதை. கார்வையின் நொடிக் கணக்கை விட, சுரங்களுக்கு நடுவே எத்தனை முறை மூச்சு வாங்கியிருக்கிறீர்கள் என்பதைக் கவனித்துக் கேளுங்கள். எனக்கு அன்று 21 நொடி வந்தது.